தை மாதப் பனியில் வியர்வை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் நல்ல பனி. பிச்சிப்பூ அளந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி துண்டைப் போர்த்திக்கொண்டார்.

"கொஞ்ச நாளா இப்படித்தான் தாயி. ராத்திரி தூக்கமும் இல்ல. பிரஷரா இருக்குமோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன்."

வயது 44. மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்டேன். சில சமயம் இருபதே நாளில் வந்துவிடும், சில சமயம் இரண்டு மாதம் வராது என்றார்.

நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயதே 46, 47தான். அதற்குச் சில வருடங்கள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி அதில் தடுமாறுகிறது. அதுதான் இந்தத் திடீர் வியர்வை.

எரிச்சல், மறதி, மூட்டுவலியும் வரலாம். இதைத்தான் பல வீடுகளில் 'வயசாக வயசாக வாய் கூடிப்போச்சு' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்துவிட்டு விடியும் முன் மார்க்கெட்டுக்கு வருகிற மனுஷி அவர்.

தேதிகளைக் காலண்டரில் குறித்துவைக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், பருத்திச் சேலை நல்லது. தைராய்டும் ரத்தசோகையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவற்றிலும் இதே மாதிரி தொந்தரவுகள் உண்டு.

ரத்தப்போக்கு அதிகமானாலோ, இரண்டு மாதவிலக்குக்கு இடையில் ரத்தம் பட்டாலோ, 12 மாதம் நின்றபிறகு திரும்ப வந்தாலோ தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.