கீரை முதல் நாள், சேனை கடைசி நாள்

வீட்டுக் கணக்கு எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை பழக்கிவிட்டது. பால், கேஸ், பள்ளிக்கூட வேன் எல்லாம் அதில் ஏறும். காய்கறிக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் தனித்தனிப் பத்தி. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். காய் வாடிப்போன வாரத்தில்தான் வெளிச் சாப்பாட்டுச் செலவு ஏறியிருக்கும். வாடிய கத்தரிக்காய் 15 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் "வீட்டுல ஒண்ணுமே இல்லையே" என்று அன்று ராத்திரி ஐந்து பேருக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கினால் 500 ரூபாய் போய்விடும். சிக்கனம் என்றால் எந்தச் சந்தையில் விலை குறைவு என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். வாங்கிய காயை ஒன்று விடாமல் சமைத்து முடிப்பதில் இருக்கும் லாபம் அதைவிடப் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிறு காலையில் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போவேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராக வந்த சந்தைகளில் இதுவும் ஒன்று. விளைவிப்பவரே கொண்டுவந்து விற்கிறார். அன்றன்றைய விலை பலகையில் இருக்கும். பேரம் பேசும் வேலை கிடையாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. கீரை விற்கும் ஆச்சி ஒருத்தி, நான் இரண்டு கட்டு எடுத்தால், "ரெண்டையும் இன்னைக்கே ஆக்கிருவியாம்மா? இல்லைன்னா ஒண்ண வச்சிரு" என்பார். விற்க வந்தவரே இப்படிச் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? மூன்று கிலோ நூறு ரூபாய் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவதை நான் வாங்குவதில்லை. மூன்றாவது கிலோ எங்கள் வீட்டில் செலவாகாது.

வாங்கி வந்ததும் எது முதலில் கெடும் என்று பார்த்து வரிசை போட்டுவிடுவேன். கீரை அன்றே. வெண்டைக்காயும் பீர்க்கங்காயும் திங்கள், செவ்வாய்க்குள். கத்தரிக்காயை நான் ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. குளிரில் உள்ளே விதை கறுத்துவிடும். ஈரத் துணி போர்த்தி வெளியே வைத்து, புதன்கிழமைக்குள் புளிக்குழம்பு வைத்துவிடுவேன். சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் வியாழன் வரை தாங்கும். சேனை, வாழைக்காய், வெட்டாத தடியங்காய் (வெள்ளைப் பூசணி) கடைசிக்கு. பல்லாரியையும் (பெரிய வெங்காயம்) உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் கிழங்கு சீக்கிரம் முளைத்துவிடும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு கூடை. கொத்தமல்லியைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் வாரம் தாண்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டாஞ்சோறு. இந்த வரிசை முழுவதும் அந்தச் சோற்றை நம்பித்தான் நடக்கிறது. வியாழன் ராத்திரி கூடையில் பார்த்தால் ஒரு முருங்கைக்காய், அரை வாழைக்காய், இரண்டு கத்தரிக்காய், கைப்பிடி சீனியவரைக்காய், ஒரு கேரட் என்று எதுவுமே ஒரு பொரியலுக்குக் காணாத அளவில் கிடக்கும். அப்படியே அழுகிப் போவது இந்த மிச்சம்தான். நெல்லைக்காரர்களுக்கு அதற்கு வழி எப்போதோ தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டு அளவு: அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், நறுக்கிய காய் எல்லாம் சேர்த்து 3 டம்ளர். கால் மூடித் தேங்காய், ஆறு மிளகாய் வத்தல், ஒரு ஸ்பூன் சீரகம், பத்து சின்ன வெங்காயம், மூன்று பல் வெள்ளைப்பூடு இவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். பருப்பைப் பாதி வேகவைத்து, அதில் அரிசியையும் கெட்டிக் காய்களையும் மஞ்சளையும் போட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவேன். சோறு குழைய இருந்தால்தான் ருசி. புளியை மட்டும் அவசரப்பட்டு ஊற்றக் கூடாது. புளிப்பு ஏறினால் பருப்பும் அரிசியும் வேகாமல் முரண்டு பிடிக்கும். அரிசி முக்கால் வேக்காடு வந்த பிறகு புளித்தண்ணீர், உப்பு, அரைத்த விழுது. இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கை முருங்கைக்கீரை. முருங்கைக்கீரையை ராத்திரியே துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறினாலே இலை உதிர்ந்துவிடும், உருவ உட்கார வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, பெருங்காயம், வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவுக்கே மணக்கும். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும்.

மிச்சக் காய் எல்லாமே இதற்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம். பீட்ரூட் போட்டால் சோறு முழுக்கச் சிவந்துவிடும். பாகற்காய் மொத்தத்தையும் கசப்பாக்கிவிடும். முட்டைக்கோஸ் வாடை தேங்காய் மணத்தை அமுக்கிவிடும். இவை தனியாகத்தான் போக வேண்டும். கூட்டாஞ்சோறு வேண்டாம் என்கிற வாரம் அவியல்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையில், இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு அது 275 கிலோ. அந்தக் கணக்கில் தோல், கொட்டை, எலும்பு போன்ற தின்னாத பகுதியும் சேர்த்தி. அதைப் படித்தபோது எனக்கு அத்தையின் துவையல்கள்தான் ஞாபகம் வந்தன. எது தின்னாத பகுதி என்பது சமைக்கிறவர் கையில் இருக்கிறது. பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் சுருள வதக்கி, உளுந்து, வத்தல், புளி, தேங்காய் சேர்த்து அரைத்தால் என் மகனுக்கு அன்று காய்கூட வேண்டாம். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, தட்டைப்பயறு சேர்த்துப் பொரியல். காலிஃபிளவர் தண்டு சாம்பாருக்கு. முள்ளங்கியை இலையோடு வாங்கினால் இலை பாசிப்பருப்புக் கூட்டுக்கு, கிழங்கு சாம்பாருக்கு என்று இரண்டு நாள் ஓடும். கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போட்டால் இலையைவிட வாசம் தூக்கலாக இருக்கும். தர்பூசணியின் சிவப்பைத் தின்ற பிறகு, பச்சைத் தோலைச் சீவி எடுத்து, வெள்ளைப் பகுதியைக் கூட்டு வைப்பேன். சுரைக்காய்க் கூட்டு என்றே நினைத்துச் சாப்பிடுவார்கள்.

தோலைச் சமைப்பதாக இருந்தால் காயை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் நன்றாக அலசியே ஆக வேண்டும். முட்டைக்கோஸின் வெளி இலை இரண்டை நான் எப்போதும் எறிந்துவிடுவேன். மருந்து அதிகம் விழுவது அங்கேதான்.

விலை ஏறும் காயை விட்டுப் பிடிக்கவும் தெரிய வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் வைத்து அரசே விற்க வேண்டிய நிலை. அந்த மாதம் எங்கள் வீட்டில் தக்காளி இல்லாமலே குழம்பு கொதித்தது. புளிப்புக்கு நம்மிடம் வேறு வழியா இல்லை? புளி இருக்கிறது, மோர் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது. மாங்காய் வத்தல் பானையில் இருந்தது. மிளகு ரசம், மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், மாவத்தல் போட்ட பருப்புக் குழம்பு என்று மாற்றி மாற்றிச் செய்ததில் ஒருவரும் தக்காளியைத் தேடவில்லை. வத்தல் போடுவதை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். சீனியவரைக்காயும் கத்தரிக்காயும் மலிவாக வரும் வெயில் நாளில் அரை வேக்காட்டில் எடுத்து மோரிலோ உப்பிலோ ஊறவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டால், ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாளுக்கு வத்தக்குழம்பு தயார்.

சமைத்த பிறகு மிஞ்சுவது தனிக் கதை. நேற்றைய புளிக்குழம்பைச் சுண்டவைத்தால் முதல் நாளைவிட ருசி. புளித்த மாவுக்குப் பல்லாரியும் கேரட்டும் போட்டு ஊத்தப்பம். சோறு மிஞ்சினால் சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். தேங்காய் அரைத்த குழம்பை மட்டும் வெளியே வைக்கவே கூடாது. ராத்திரிக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள்.

இப்போது காய்கறிப் பத்தியில் வாரத்துக்கு 500 ரூபாய்க்குள் நிற்கிறது. வெளிச் சாப்பாடு பிறந்தநாள், விருந்தாள் வரும் நாள் என்று காரணத்தோடுதான் வருகிறது. சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் உண்டு. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, பூஞ்சணம் பிடித்த தேங்காய்ச் சில்லு, நுரைத்த குழம்பு இவற்றில் நல்ல பாதியைத் தேடி மெனக்கெட வேண்டாம். கிழங்கும் தேங்காயும் கொல்லையில் உரக்குழிக்குப் போகட்டும், குழம்பைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவச் செலவுக்கென்று நோட்டில் இன்னொரு பத்தி போட வேண்டியிருக்கும்.