கல்லுப்பைக் கழுவினால் அயடீனும் போச்சு

மாதவிடாய்க்கு முந்திய மார்பு நோவு, கட்டி, தைரொயிட் (அயடீனைக் கொண்டு இயங்கும் கழுத்துச் சுரப்பி) என்று எந்தப் பேச்சு எழும்பினாலும் இப்போது வட்சப்பில் முதலில் வந்து விழுவது "அயடீன் துளி குடியுங்கள்" என்ற ஆலோசனைதான். அதற்கு முதல் குசினியில் இருக்கிற உப்புப் போத்தலைப் பார்க்க வேண்டும்.

"கடலில் விளைந்த உப்பில் அயடீன் இல்லாமலா போகும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் அயடீனும் உண்டு. அந்த அயடீன் முழுவதும் உப்போடு தங்கினாலும், நாளுக்கு 5 கிராம் உப்பில் 9 மைக்ரோகிராம்கூடத் தேறாது. வளர்ந்தவருக்கு வேண்டியது 150. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. ஆகவே ஆனையிறவோ புத்தளமோ, எங்கு விளைந்தாலும் பொட்டாசியம் அயடேற்று என்ற அயடீன் சேர்மம் சேர்த்த உப்புத்தான் உதவும். 1995 முதல் இலங்கையில் அது சட்டம். காசு கொட்டி வாங்கும் இமாலய உப்பு இதற்கு ஆகாது.

வாங்கிய அயடீனைத் தொலைப்பதும் நாங்கள்தான். கல்லுப்பில் அயடேற்று பரல்களின் மேற்பரப்பில் படிந்திருக்கும். மண் போகட்டும் என்று அலசி ஊற்றும் முதல் தண்ணீரோடு அது ஓடிவிடும். மண் கிடந்தால் உப்பைக் கரைத்துத் தெளியவிட்டு, அடிமண்டியை விட்டு மேல்தண்ணீரையே கறிக்கு விடுங்கள். போத்தலை இறுக்க மூடி, வெயிலும் அடுப்பு வெக்கையும் படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போடவே வேண்டாம். கொதிக்கும்போதும் கொஞ்சம் குறையும் என்பதால் இறக்குகிற நேரத்தில் உப்புப் போடுவது நல்லது.

அயடீன் வேண்டுமென்று உப்பைக் கூட்டுவது பிழை. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்தே ஆக வேண்டும். அவர்களுக்குக் கடல் மீன், முட்டை, பால், தயிர். முல்லைத்தீவுக் கடல் மீனில் உள்ள அளவு குளத்து மீனில் இராது.

மரவள்ளி அடிக்கடி சாப்பிடும் வீடுகளுக்கு ஒன்று. அதிலுள்ள சயனைட் உடலில் தயோசயனேற்றாக மாறி, தைரொயிட்டுக்குள் அயடீன் போவதைத் தடுக்கும். அயடீன் போதாதவருக்குத்தான் அது பெரிதாக உறைக்கும். இஞ்சி சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கட்டும். அதைவிட முக்கியம், மூடாமல் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றுவது.

மார்புக்கு வருவோம். பால் சுரக்கும் மார்பு, தைரொயிட்டைப் போலவே இரத்தத்திலிருந்து அயடீனை இழுத்தெடுக்கும்; பிள்ளைக்கு அது பாலில் போகிறது. தைரொயிட் மந்தமானால், பால் சுரக்கவைக்கும் புரொலக்டின் ஹோர்மோன் கூடி மாதவிடாய் குழம்பலாம், பிள்ளை பெறாதவருக்கும் பால் கசியலாம். இவ்வளவும் உறுதியானவை. யப்பானியப் பெண்கள் கடற்பாசி சாப்பிடுவதால்தான் அங்கு மார்புப் புற்றுநோய் குறைவு என்பது ஊகம் மட்டும்.

மார்பு நோவுக்கு ஓர் ஆதாரம் உண்டு. 2004இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 6 மில்லிகிராம் மூலக்கூற்று அயடீன் 6 மாதம் எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோவு பாதிக்கு மேல் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் தைரொயிட் சரியாக இருந்த பெண்கள், பார்த்துக்கொள்ள வைத்தியர் இருந்தார். வட்சப் துளி அப்படியல்ல. லூகோல் கரைசல் என்பது அயடீனைத் தண்ணீரில் கரைத்த மருந்து; 5 வீதக் கரைசலின் ஒரு துளியிலேயே ஏறத்தாழ 6 மில்லிகிராம், அதாவது 40 நாள் அயடீன்! அளவு மிஞ்சினால் தைரொயிட் மந்தமாகலாம், சிலருக்கு எதிர்மாறாக வேகமெடுத்து நெஞ்சு படபடக்கும். கழுத்தில் பழைய கழலை உள்ளவர், தைரொயிட் மந்தத்துக்குத் தைரொக்சின் குளிசை போடுபவர், கர்ப்பிணி இதைத் தொடவே கூடாது.

கட்டி தட்டுப்பட்டால், முலைக்காம்பு உள்ளிழுத்தால், இரத்தம் கசிந்தால் உப்பும் துளியும் கதைக்க நேரமில்லை. 35 தாண்டியவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், காசு இல்லை. கிளினிக் எந்த நாளில் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கட்டி இருப்பவர் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோகாத கட்டி என்று விட்டுவிடாதீர்கள், புற்றுக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் நோகாது.