ஒரே முகம் கொண்ட ஐவரைப் பிரித்தறிதல்

‘கோட்டோபுன் நோ ஹனயோமே’ என்னும் ஜப்பானிய அனிமேயில் (அசைவூட்டத் தொடர்), ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஐவரின் மதிப்பெண்களையும் கூட்டினால்தான் நூறு வருகிறது. சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட காட்சிதான் அது. ஆனால் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வந்த பையன் அந்த விடைத்தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருத்தி சரியாக எழுதிய கேள்வியை மற்ற நால்வரில் எவரும் சரியாக எழுதவில்லை என்பதைக் கண்டுகொள்கிறான். ஒருத்திக்குக் கைவந்தது அவளுடைய உடன்பிறப்புகளுக்கும் கைவரும் என்ற நம்பிக்கை அவனுக்கு அங்கேதான் பிறக்கிறது. பதினோர் ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் செங்காங், பொங்கோல் வட்டாரங்களில் வீடு வீடாகச் சென்று துணைப்பாடம் நடத்திவரும் எனக்கு, அந்த இடத்தில்தான் இத்தொடரின்மீது மதிப்பு உண்டாயிற்று. தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிடுவது எளிது. பலவீனமான மாணவர் ஒருவர் எந்த ஒரு கேள்வியைச் சரியாகச் செய்தார், அது அவருக்கு எப்படி வாய்த்தது என்று நின்று பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

தொடரின் ஜப்பானியப் பெயருக்கு ஐந்து சம பங்குகளாகப் பிரிக்கப்பட்ட மணமகள் என்று பொருள் கொள்ளலாம். நெகி ஹருபா வரைந்த மங்கா என்னும் சித்திரக்கதையாக ‘வீக்லி ஷோனென் மேகசின்’ இதழில் 2017 ஆகஸ்ட் முதல் 2020 பிப்ரவரி வரை வெளிவந்து 14 தொகுதிகளில் நிறைவுற்றது. 2019இல் கோடான்ஷா மங்கா விருதையும் பெற்றது. தொலைக்காட்சி அனிமே 2019இல் முதற்பருவமாக 12 பகுதிகளும், 2021இல் இரண்டாம் பருவமாக மேலும் 12 பகுதிகளும் ஒளிபரப்பாகி, மூலக்கதை 2022 மே மாதம் வெளியான திரைப்படத்துடன் முடிந்தது. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், “சித்தி, இது டியூஷன் டீச்சர் கதை, நீங்க கட்டாயம் பாக்கணும்” என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள் வலம்வரும் ‘ஹாரெம்’ நகைச்சுவை வகையின்மேல் எனக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை என்பதால் தட்டிக்கழித்து வந்தேன். பள்ளி விடுமுறையில்தான் அவளோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்து முடித்தேன்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இவ்வகைக் கதைகளில் நாயகனுக்குப் பெரும்பாலும் முகமே இருப்பதில்லை. பார்க்கும் பையன்கள் எவரும் தம்மை அவன் இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவன் குணம் எதுவுமற்றவனாக, பிழைப்பு எதுவுமற்றவனாகப் படைக்கப்படுகிறான். பெண்கள் அவனை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு அவன் அங்கே இருக்கிறான் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படுவதில்லை. பாடம் சொல்லித்தர வரும் இத்தொடரின் நாயகன் உஎசுகி ஃபூத்தாரோ அப்படிப்பட்டவன் அல்லன். குடும்பத்துக்குக் கடன் இருக்கிறது. பள்ளி உணவகத்தில் 400 யென் விலையுள்ள இறைச்சிச் சாப்பாட்டை இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கி, 200 யென்னுக்குச் சோறும் சூப்பும் ஊறுகாயும் உண்டு மிச்சம் பிடிக்கிறான். வழக்கமான சம்பளத்தைப்போல் ஐந்து மடங்கு தருகிறார்கள் என்பதற்காகவே ஆசிரியர் வேலைக்கு வருகிறான். நூற்றுக்கு நூறு வாங்குபவன், ஆனால் வாய்த் துடுக்கு மிக்கவன். முதல் சந்திப்பிலேயே, பாடம் சொல்லித்தரக் கேட்ட பெண்ணிடம் அவள் சாப்பிடும் அளவைப் பற்றிப் பேசி அவளைப் பகைத்துக்கொள்கிறான். அவள்தான் தன் மாணவிகளில் ஒருத்தி என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியவருகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கதை வேறு விதமாக ஒலிக்கிறது. இங்குள்ள குடும்பங்கள் 2023இல் துணைப்பாடத்துக்காக 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டதாகக் குடும்பச் செலவின ஆய்வு காட்டியது. படிக்க விருப்பமில்லாத பிள்ளையின் அறைக் கதவுக்கு வெளியே நின்று தட்டுவதும், அம்மா கொண்டுவந்து வைத்த மைலோ ஆறும்வரை அந்தப் பிள்ளை வாய் திறக்கக் காத்திருப்பதும் எங்களைப் போன்றவர்களுக்கு வாரந்தோறும் நடப்பவை. ஐந்து சகோதரிகளும் ஃபூத்தாரோவுக்குக் கதவைத் திறக்காத தொடக்கப் பகுதிகளில் நகைச்சுவை மிகையாக இருந்தாலும், அடியில் இருக்கும் நிலைமை உண்மையானது. அவர்களில் மூன்றாமவளான மிக்கு, போர்க்காலத் தளபதிகளின் வரலாற்றில் தனக்குள்ள ஈடுபாட்டை வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அதை அறிந்துகொண்ட ஃபூத்தாரோ நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துவந்து முதலில் தான் படிக்கிறான். மாணவரின் பாடத்தை ஆசிரியர் படிக்கும் அந்தக் காட்சிக்காக மட்டுமே முதற்பருவத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

இருப்பினும் தொடரின் உண்மையான பலம் பாடம் நடத்துவதில் இல்லை, பிரித்தறிவதில் இருக்கிறது. இச்சிகா, நினோ, மிக்கு, யோட்சுபா, இட்சுகி என்னும் ஐவரின் பெயர்களிலும் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள் ஒளிந்திருக்கின்றன. முகம் ஒன்றே. குட்டை முடி, பட்டாம்பூச்சி ரிப்பன், ஹெட்ஃபோன், பச்சை ரிப்பன், நட்சத்திரக் கொண்டை ஊசி ஆகிய அடையாளங்களைக் கழற்றி மாற்றிக்கொண்டால் ஒருத்தி இன்னொருத்தியாகிவிடலாம். ஒரு திருமணக் காட்சியில் தொடங்கும் கதை, மணமகள் இந்த ஐவரில் ஒருத்தி என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே ஃபூத்தாரோவோடு சேர்ந்து பார்ப்பவரும் ஐவரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அன்பு இருந்தால் எங்களைப் பிரித்தறிய முடியும் என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. அந்த அன்பு உற்றுப் பார்ப்பதன்றி வேறில்லை என்பதைத் தொடர் நிதானமாக நிறுவுகிறது.

இதைப் பார்த்தபோது, சிறுவயதில் அப்பா சொல்லிக் கேட்ட நளன் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, வருணன், யமன் ஆகிய நால்வரும் நளனுடைய உருவத்தையே எடுத்து வந்து அமர்ந்துவிட, ஒரே தோற்றத்தில் ஐந்து நளன்கள் அவள் முன் இருக்கிறார்கள். கண் இமைப்பதையும், கால் தரையில் படுவதையும், கழுத்து மாலை வாடுவதையும் கொண்டு அவள் உண்மை நளனைக் கண்டறிந்ததாகப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவில் பாடுகிறார். தேவர்களிடம் இல்லாத மனிதக் குறைகள்தாம் அவளுக்கு வழிகாட்டுகின்றன. ஃபூத்தாரோவும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறான். சகோதரிகளுடைய தாத்தாவின் விடுதியில் ஐவரும் இட்சுகியின் தோற்றத்திலேயே உலவும் பகுதி இரண்டாம் பருவத்தில் வருகிறது. அங்கே அவன் முதலில் தோற்றுத் தோற்றுத் தடுமாறி, பிறகு தயக்கம், பழக்கம், பேச்சில் ஒரு சறுக்கல் என்று சிறியவற்றைப் பிடித்துக்கொண்டு தன் எதிரே நிற்பவள் மிக்கு என்று சொல்லும்போது, அவளுடைய முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்குக் காரணம் காதல் மட்டுமன்று. ஐவரில் ஒருத்தியாகவே எண்ணப்பட்டு வளர்ந்தவள் முதன்முறையாகத் தானாகவே பார்க்கப்பட்டிருக்கிறாள்.

நினோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவனைக் கடுமையாக எதிர்ப்பவள் அவள்தான். எதிர்ப்பின் காரணம் திமிர் அன்று. ஐவரும் ஒன்றாக இருந்த குழந்தைப் பருவத்தை வெளியாள் ஒருவன் வந்து கலைத்துவிடுவான் என்ற அச்சம். நீளமாக வளர்த்த முடியை வெட்டிக்கொண்டு அந்தப் பருவத்திலிருந்து வெளியே வருபவள், பின்னர் மோட்டார் சைக்கிளில் அவன் முதுகுக்குப் பின்னால் அமர்ந்தபடி தன் காதலைச் சொல்கிறாள். இவ்வகைக் கதைகளில் காதலைச் சொல்லும் நேரத்தில் காற்றோ ரயிலோ வந்து சொல்லை விழுங்கிவிடுவது மரபு. நினோ அதோடு விடாமல் மறுபடியும் அவன் காதில் விழும்படி சொல்கிறாள். ஒரு மரபை உடைப்பதற்குப் பாத்திரத்தின் குணமே காரணமாக அமைவது நல்ல எழுத்தின் அடையாளம்.

இத்தனைக்கும் பிறகு, குறைகள் என்னை உறுத்துவதற்குக் காரணம் அவை இந்தப் பலத்தையே குலைப்பதுதான். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பார் என்று நாயகனிடம் கேட்கும் தொடர், தானே அவர்களை மொத்தமாகப் பார்க்கிறது. குளியலறைத் துண்டு, தவறி விழுந்து மேலே சாய்தல், தேவையற்ற கோணத்திலிருந்து காட்டப்படும் உடல் என்று கேமரா அலையும்போது, அங்கே இருப்பது நினோவா இச்சிகாவா என்பது ஒரு பொருட்டே இல்லாமல் போகிறது. பள்ளி மாணவிகளை இப்படிக் காட்டுவதை, அக்கா மகளுடன் அமர்ந்து பார்த்த எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதே வகையைச் சேர்ந்த பிற தொடர்களைவிட இதில் அளவு குறைவு என்று அவள் வாதாடினாள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் குறைவாக இருப்பது இத்தொடருக்குப் போதாது. தொடக்கத்தில் நினோ அவனுக்குத் தண்ணீரில் மயக்க மருந்து கலந்து கொடுப்பதும் சிரிப்புக்குரிய குறும்பாகவே கடந்து செல்கிறது. கலந்து கொடுத்தது ஆணாக இருந்திருந்தால் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

முதற்பருவத்தின் வரைதிறன் இன்னொரு குறை. தெசுகா புரொடக்‌ஷன்ஸ் உருவாக்கிய அந்தப் பன்னிரண்டு பகுதிகளில், குறிப்பாக இறுதியை நெருங்குகையில், முகங்கள் காட்சிக்குக் காட்சி மாறுகின்றன, அசைவு நின்று நின்று வருகிறது. வேறொரு நகைச்சுவைத் தொடரில் இதை மன்னிக்கலாம். நுண்ணிய முக வேறுபாடே கதையாக இருக்கும் தொடரில், ஒரு கண் சற்று இடம் மாறி வரையப்பட்டிருந்தால் அது துப்பா, பிழையா என்று தெரியாமல் பார்ப்பவர் குழம்பிப்போகிறார். இரண்டாம் பருவத்தை ஏற்ற பிபுரி அனிமேஷன் ஸ்டுடியோஸ் இதைச் செம்மையாகச் சரிசெய்தது. படம் தடுமாறிய இடங்களிலும் தடுமாறாதவை குரல்கள்தாம். கானா ஹனசாவா, அயனா தக்கெதாட்சு, மிக்கு இத்தோ, அயனே சகுரா, இனோரி மினசே ஆகிய ஐவரும் கத்துவதிலும் பெருமூச்சு விடுவதிலும்கூட வேறுபட்டு ஒலிக்கிறார்கள்.

இரண்டாம் பருவம் படத்தைச் சரிசெய்துவிட்டு வேகத்தில் தவறியது. முதற்பருவத்தைவிட மிகுதியான கதையை அதே பன்னிரண்டு பகுதிகளுக்குள் அடக்க நேர்ந்ததால் அதிகம் இழந்தவள் இச்சிகா. தங்கைகளுக்காக எப்போதும் விட்டுக்கொடுத்து வந்த மூத்தவள், ஒரு கட்டத்தில் மிக்குவாக வேடமிட்டு, இச்சிகாதான் உன்னை விரும்புகிறாள் என்று ஃபூத்தாரோவிடம் சொல்லிவிடுகிறாள். மங்காவில் இந்த வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அவளுடைய தடுமாற்றத்துக்கு இடம் இருக்கிறது. அனிமேயில் அவள் சட்டென்று வில்லியாகத் தெரிகிறாள். அக்கா மகளுக்கு இன்றுவரை இச்சிகாமேல் கோபம். நானும் மூவரில் மூத்தவளுக்குத் தங்கை என்பதாலோ என்னவோ, எனக்கு அவள்மேல்தான் இரக்கம் மிகுகிறது. விடுபட்ட அத்தியாயங்களில் சிலவற்றை ஷாஃப்ட் நிறுவனம் 2023இல் சிறப்புத் தொகுப்பாக உருவாக்கியது. திரைப்படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆசிரியர் என்ற முறையில் எனக்குத் தனிப்பட்ட ஏமாற்றமும் உண்டு. ஐவரும் ஆண்டிறுதித் தேர்வில் தேறியவுடன் பாடம் கதையிலிருந்து ஏறக்குறைய நழுவிவிடுகிறது. எவ்வாறு தேறினார்கள், எந்தப் பாடத்தை எவள் மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தாள் என்ற விவரம், முதலில் காட்டிய அந்த ஐந்து விடைத்தாள்களுக்கான பதிலாக அமைந்திருக்கும். இட்சுகி ஆசிரியையாக விரும்புவது மட்டும் அந்த இழையைக் கடைசிவரை கொண்டுசெல்கிறது.

திரைப்படம், பள்ளி விழாவின் மூன்று நாள்களை ஒவ்வொரு சகோதரியின் பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத நால்வரையும் கதை அவசரமாக வழியனுப்பிவிடவில்லை. ஆனால் மணமகளின் மனம் மற்றவர்களின் மனத்தைவிட வெகுநேரம் மறைத்து வைக்கப்பட்டதால், அவளுக்குரிய நியாயம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து குவிகிறது. யார் என்று தெரிந்தபின் மறுபடி பார்க்கும்போதுதான் முன்பே இறைந்து கிடந்த தடயங்கள் பொருந்துகின்றன. அவள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

திருமண நாளன்று ஐவரும் மணமகளாக உடுத்திவந்து, கடைசி முறையாகத் தங்களை அடையாளம் காணச் சொல்கிறார்கள். ஃபூத்தாரோ ஒவ்வொருத்தியாகச் சுட்டிப் பெயர் சொல்லி, ஒவ்வொருத்தியிடமும் ஒரு சொல் பேசுகிறான். அந்தக் காட்சியை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை கண்களை மூடிக்கொண்டு குரல்களை மட்டும் கேட்டேன். நினோவும் மிக்குவும் இச்சிகாவும் முதற்சொல்லிலேயே தெரிந்துவிட்டார்கள். யோட்சுபாவையும் இட்சுகியையும் பிரிக்க எனக்கு இன்னும் ஓரிரு சொற்கள் தேவைப்பட்டன.