காயைத் தொடுவதற்கு முன்னால் எழுதுங்கள்

சதுரங்கப் போட்டியின் முடிவு வந்து இரண்டு நாள் ஆகிறது. பெண்கள் 50+ பிரிவில் எனக்கு மூன்றாமிடம். இரண்டாமிடம் அரைப் புள்ளியில் போனது. அந்த அரைப் புள்ளி எங்கே போனதென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்காவது ரவுண்டு. எதிரில் அறுபது தாண்டிய ஓர் அக்கா. ராணிகள் வெட்டுப்பட்டு ஆளுக்கொரு யானைதான் மிச்சம், அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல். என் அடுத்த நகர்த்தலோடு பலகையில் அதே நிலை மூன்றாவது முறை வரும்; அப்படி வந்தால் ட்ரா கேட்கலாம். சந்தோஷத்தில் யானையை நகர்த்தி வைத்துவிட்டு ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டேன். “நகர்த்திட்டீங்களேம்மா, இப்ப நீங்க கேட்க முடியாது” என்றார். விதி அதுதான். அக்கா ராஜாவை வேறு பக்கம் கொண்டுபோனார், நான் தோற்றேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்:

- செய்யப்போகும் நகர்த்தலை ஷீட்டில் (ஆட்டத்தின் நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுத வேண்டும். காயைத் தொடக் கூடாது.
- கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை அழைக்க வேண்டும்.
- மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை.
- தவறாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். அதற்குப் பயந்து கேட்காமல் விடாதீர்கள்.

30 விநாடி இன்க்ரிமெண்ட் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் நேரம்) இருந்தால் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும். எனக்குப் பலகைக்கு ஒரு கண்ணாடி, ஷீட்டுக்கு ஒரு கண்ணாடி. மாற்றி மாற்றிப் போட்டதில் முதல் இரண்டு ரவுண்டில் வரிசை தப்பி எழுதினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

ஓப்பனிங்கில் நான் அலட்டிக்கொள்வதில்லை. வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற தொடக்க முறை போதும். மிச்ச நேரமெல்லாம் யானை முடிவாட்டம். எதிராளிக்கு யானையும் சிப்பாயும், நமக்கு யானை மட்டும் இருக்கும் பிலிடோர் நிலையில் நம் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் யானையை வைத்துக் காத்திருக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகுதான் பலகையின் எதிர்முனைக்குப் போய்ப் பின்னாலிருந்து செக். வயதைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்கு: முன்னாள் பெண்கள் உலகச் சாம்பியன் நோனா கப்ரிந்தாஷ்விலி 2022-ல் பெண்கள் 65+ உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 81.

கடைசி ரவுண்டிலும் அதே யானை முடிவாட்டம். எழுதினேன், கடிகாரத்தை நிறுத்தினேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஆர்பிட்டர் ஷீட்டைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துச் சரிபார்த்தார். “சரி, ட்ரா” என்றார். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.