மூன்று வாரம் தொடையோடு ஒட்டியிருந்த கை

இயந்திரத்தில் சிக்கி என் இடது புறங்கைத் தோல் முழுக்க உரிந்துபோனது. விரலை நீட்டும் தசைநாண்கள் வெள்ளை நாடாவாக வெளியே தெரிந்தன. தொடையிலிருந்து கொஞ்சம் தோலைச் சீவி ஒட்டுவார்கள், பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அப்படி ஒட்டினால் தோல் அங்கே ஒட்டிப் பிடிக்காது என்றார். சீவி ஒட்டும் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையை நம்பித்தான் பிழைக்கும். மேல்சவ்வு போன தசைநாணில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஃபிளாப். தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு சேர்த்துக் கொண்டுவருவது. எனக்குச் செய்தது குரோயின் ஃபிளாப். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்துத் தோலைத் தூக்கி, ஒரு பக்கம் மட்டும் காம்பு மாதிரி விட்டுவிட்டு, கையை அங்கே கொண்டுபோய்த் தைத்துவிடுவார்கள். 1972-இல் மெக்கிரிகர், ஜாக்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்த பழைய முறை.

ஆபரேஷன் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து ஃபிளாப்பை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் இரண்டு விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்தால் வந்த ரத்தம் திரும்பவில்லை. இரண்டாம் ராத்திரி எனக்கு ஓரமாக நீலம் பாய்ந்துவிட்டது. முழங்கைக்கு அடியில் வைத்த தலையணை நழுவி, காம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் சத்தமே போடாமல் கையை நிமிர்த்தி, இன்னொரு தலையணையைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட என் வலது கை அந்தத் தலையணையைத் தேடும்.

தோல் எடுத்த இடத்தை இழுத்துத் தைத்திருந்ததால் இடுப்பை நிமிர்த்த முடியாது, கூனிக்கொண்டேதான் நடை. கழிப்பறைக்கு ஆள் துணை வேண்டும். வெட்கமெல்லாம் மூன்றாம் நாளே போய்விட்டது. மடிப்புக்குள் வியர்த்து நாறும், தினமும் துடைத்து டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். தோளையும் விரல்களையும் அசைக்கச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் விடாமல் நச்சரித்தார். அவர் பேச்சைப் பாதிதான் கேட்டேன்.

மூன்றாம் வாரம் காம்பு வழியே வரும் ரத்தத்தை அடைக்க அதற்குக் கிளாம்ப், அதாவது இறுக்கும் கவ்வி, போட்டார்கள். முதலில் பத்து நிமிடம், அப்புறம் அரை மணி, அப்புறம் இன்னும் நேரம். அடைத்தும் நிறம் மாறவில்லை. கைப்பக்கத்திலிருந்தே ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு காம்பை அறுத்துக் கையை விடுவித்தார்கள். கை கிடைத்துவிட்டது, தோள்தான் மேலே போக மறுத்தது. பிசியோ சொன்னதைக் கேட்டிருக்கலாம். புறங்கையில் ஒட்டிய அந்தத் தோல் மரத்துப்போயிருந்தது, சூட்டையும் உணராது. ஒருமுறை கொப்புளம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆறு மாதம் கழித்துக் கொழுப்பைக் குறைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன். ஆனாலும் அது வயிற்றுத் தோல்தானே? போன வருடம் எனக்கு எடை கூடியபோது புறங்கைக்கும் தொப்பை விழுந்தது.