தம்பியின் சிகிச்சையும் பன்னிரண்டாம் விலக்கும்

4 ஆகஸ்ட் 2025, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

தம்பி குடியை நிறுத்தி இது மூன்றாம் நாள். காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. இரவில் போர்வை முழுக்க எறும்பு என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கிள்ளித் தரையில் போட ஆரம்பித்துவிட்டான். அங்கே ஓர் எறும்புகூட இல்லை. அம்மா திருநீறு தேடினாள். நான் வண்டி தேடினேன். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம்.

6 ஆகஸ்ட்

நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம் என்றார் மருத்துவர். வைட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள்; தூக்க மாத்திரையை நாளுக்கு நாள் குறைக்கிறார்கள். அறையில் பூட்டிவைத்துக் குடியை மறக்கடிக்க நினைப்பவர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மதியம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. கேஷ்லெஸ் கிடையாது; அதாவது மருத்துவமனைக்கு அவர்கள் நேரடியாகப் பணம் கட்ட மாட்டார்கள். காரணம், விலக்கு எண் 12: குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் பாலிசியில் சேராது. தம்பி மனைவி எதுவும் பேசாமல் வளையல்களைக் கழற்றி, "அண்ணி, நீங்களே அடகு வைத்துவிட்டு வாருங்கள்" என்று என் கையில் கொடுத்தாள். மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடித்த வீட்டில் இந்த நிலைமை. வயிறு எரிகிறது.

9 ஆகஸ்ட்

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது பிரிவு 21(4). 2018 மே மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்குப் பட்டியலில் குடிநோய் 12-ஆம் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. நிறுவனங்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மனநோய்க்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அது குடி சம்பந்தப்பட்ட வழக்கு அல்ல. ஆனாலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மேலே ஒரு பட்டியல் நிற்க முடியாது என்பதே என் வாதம். மேல்முறையீட்டுக் கடிதத்தில் அப்படியே எழுதுகிறேன்.

13 ஆகஸ்ட்

தம்பி வீடு திரும்பிவிட்டான். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். "கம்பெனி பாலிசி அக்கா. கடிதம் போனால் சிப்காட் முழுக்கத் தெரிந்துவிடும்." நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது அவன் உரிமை என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டினேன். சர்க்கரை நோய் என்றால் இப்படி ஒளிந்துகொள்வானா? குடிநோயாளி வைத்தியம் கேட்பதற்கே கூச வேண்டியிருப்பது பெரிய கொடுமை. மாலையில் அவனே பேனாவை எடுத்தான். எழுத்து இன்னும் கோணல்தான்.

22 ஆகஸ்ட்

கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவில் தொடர் சிகிச்சை தொடங்கியது. காப்பீட்டுச் சண்டை முடியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட முடியாது. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய இலவச எண்ணில் கேட்கலாம்.

10 செப்டம்பர்

மேல்முறையீட்டையும் மறுத்துவிட்டார்கள். அடுத்தது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அவர்தான். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ அவரிடம் போகலாம். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாலிசி நகல் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். இந்த முறை புகாரைத் தம்பியே எழுதினான். முதல் வரியிலேயே "நான் குடிநோய்க்குச் சிகிச்சை பெறுகிறேன்" என்று போட்டிருக்கிறான்.