ஆர்ச், பார், பே, கேப்

இன்று ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு மாணவி கொப்பியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்: ஆர்ச், பார், பே, கேப்...

ஆங்கில அகரவரிசை. கடலோர நிலவுருவங்களை மனதில் நிறுத்த இதைவிடக் கடினமான வழி இல்லை.

கடல் உடைக்கிற ஒழுங்கிலேயே படியுங்கள் பிள்ளைகளே.

கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறைநிலம் ஹெட்லாண்ட். அதன் வெடிப்பை அலை அரித்துக் குடைந்தால் கேவ். குடைவு மறுபக்கம் திறந்துவிட்டால் ஆர்ச். கூரை இடிந்து தூண் மட்டும் தனித்து நின்றால் ஸ்டாக். அதுவும் தேய்ந்து குட்டையானால் ஸ்டம்ப்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற பாறை உண்டு. கரையோடு இணைந்திருந்த அதன் ஆர்ச் 1990இல் இடிந்து விழுந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு படங்களைத் தேடிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

மணல் சேர்வது வேறு கதை. ஒரு முனை மட்டும் கரையில் ஒட்டியிருந்தால் ஸ்பிட். இரண்டு முனையும் ஒட்டிக் குடாவின் வாயை அடைத்தால் பார். உள்ளே அகப்பட்ட நீர் லகூன். மணல் தீவையும் கரையையும் இணைத்தால் டொம்போலோ. பரீட்சையில் ஸ்பிட்டும் பாரும்தான் அதிகம் மாறிப்போகும். எத்தனை முனை ஒட்டியிருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

செங்குத்தான பாறைச் சரிவுதான் கிளிஃப். அதற்குக் கடல் தேவையில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவும் கிளிஃப்தான்.

உச்சரிப்பிலும் கவனம்: ஆர்ச்சில் ‘ச்’, ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் தொடங்கும் ஆர்க்கிபெலகோவில் (தீவுக்கூட்டம்) ‘க்’.